பேரேட்டில் செவந்தி

வாலைத் தூக்கும் முன்பே எழுதிவிடுவேன்
பெட்டை என்று.
கறுப்பும் செம்பட்டையும் வெள்ளையும்
ஒரே உடம்பில் வந்து மேசை ஏறினால்
கேட்கவே வேண்டாம்.
கோத்தகிரி கால்நடை மருந்தகத்தில்
பதினோரு வருசமாகப் பேரேடு என் கையில்.
பூனைக் கணக்கில்
ஒருமுறையும் அடித்து எழுதியதில்லை.

செம்பட்டையா கறுப்பா என்று சொல்லும் சீட்டு
எக்ஸில் மட்டும் இருக்கிறது.
பெட்டைக்கு இரண்டு எக்ஸ்.
ஒவ்வொரு செல்லிலும் ஒன்று வேலை பார்க்க
மற்றது சுருண்டு படுத்துக்கொள்ளும்,
அதுவும் பூனையைப் போலவே.
யார் விழிப்பது, யார் தூங்குவது?
கண் திறக்காத கருவில், கடுகளவில்,
பூவா தலையா போட்டு முடிந்துவிடுகிறது.
பிறகு பேத்திச் செல் வரைக்கும் அதே தீர்ப்பு.
மஞ்சு இறங்கும்போது
ஒரு பாத்தி தெரிந்து ஒரு பாத்தி மறையும்
தேயிலைச் சரிவு மாதிரி
முதுகெல்லாம் திட்டுத் திட்டாக.
வெள்ளை வேறு இலாகா.
சாயம் போய்ச் சேராத ஊர்.

கடுவனுக்கு எக்ஸ் ஒன்றே, அம்மா தந்தது.
அப்பன் தரும் ஒய்யில்
இந்த நிறத்தைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை.
மகன் ஒன்று கறுப்பு, இல்லை செம்பட்டை.
முழுச் செம்பட்டையாய் ஒரு பெட்டை பிறந்தால்
அப்பனும் செம்பட்டையாகத்தான் இருக்க வேண்டும்.
டானிங்டன் பக்கம் அப்படிப் பிறந்ததற்கெல்லாம்
பேக்கரிக் கடுவன்மேல்தான் எனக்குச் சந்தேகம்.
அவனோ ரஸ்க் மூட்டைமேல் படுத்து
ஒன்றும் அறியாதவன்போல் காது சொறிவான்.

தை மாதம். புல்லெல்லாம் உறைபனி.
கட்டபெட்டிலிருந்து போஜன்
கேரட் பெட்டியில் சாக்கு விரித்துக் கொண்டுவந்தார்.
பெயர் செவந்தி. வயது இரண்டு. கருத்தடை.
மூன்று நிறம். எழுதிவிட்டேன்.
வாலைத் தூக்கிய டாக்டர் ரெஜினா
தூக்கியபடியே நின்றார்.
"இங்க வந்து பாரு."
வறுகடலைபோல இரண்டு.

ஆயிரக்கணக்கில் ஒன்று இப்படி வருமாம்.
எக்ஸ் இரண்டு, கூடவே ஒரு ஒய்.
"முப்பத்தெட்டு இருக்கணும்.
இதுக்கு முப்பத்தொன்பது இருக்கும்.
குட்டி கொடுக்காது, அநேகமா."
பேனா மூடியைத் தேடுவதுபோல்
மேசைக்கடியில் குனிந்துகொண்டேன்.

நாற்பத்தாறு இருக்க வேண்டிய இடத்தில்
நாற்பத்தேழு.
கோயமுத்தூரில் கண்ணாடிக் கதவு ஆஸ்பத்திரியில்
அந்தத் தாளை வாங்கும்வரை
குட்டி போட்ட பூனைபோல் நடந்தார்
என் வீட்டுக்காரர் யோகராசா.
வாங்கியபின் நடக்கவில்லை.
மேட்டுப்பாளையம் தாண்டி
வளைவுக்கு வளைவு ஒரு பேச்சில்லை.
குஞ்சப்பனையில் வண்டியை ஓரம் கட்டி
பலாச்சுளை வாங்கி, கொட்டை நீக்கி,
என் பக்கம் நீட்டிச் சொன்னார்:
"ஒண்ணு கூடத்தானே இருக்கு.
குறையலையே."
அழுதது நான்தான்.
சுளை நல்ல இனிப்பு.

வரிசையில் நின்ற ஒருவர்
சென்னையில் லட்சம் தருவார்கள் என்றார்.
இன்னொருவர், வீட்டுக்கு அதிர்ஷ்டம், விற்காதே என்றார்.
பேரை மாற்றிவிடலாமா என்று நான் கேட்டேன்.
போஜன் பெட்டியைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார்.
"செவந்தின்னா வருது.
வேற எதுக்கு வரும்னு அதைத்தான் கேக்கணும்."
சாக்குக்குள்ளிருந்து ஒரு செம்பட்டைக் காது,
ஒரு கறுப்புக் காது.

பெட்டையை அடித்தேன்.
கடுவன் என்று மேலே எழுதினேன்.
கோடு நேராக வரவில்லை.
குறிப்பு என்ற கட்டத்தை
எப்போதும்போல் காலியாக விட்டேன்.

ராத்திரி, கொழுந்து லாரியை நிறுத்திவிட்டு வந்தவரிடம்
மூன்று நிறத்தில் ஒரு கடுவன் வந்தது
என்று மட்டும் சொன்னேன்.
எண்ணைச் சொல்லவில்லை.
பூண்டு உரித்துக்கொண்டே கேட்டார்,
"எலி பிடிக்குமா?"
பிடிக்குமாம் என்றேன்.